படப்புதிர்ப் போரில் அத்தான் மகுடம் சூடிய காதை

வாழ்க, வாழ்க! நசுங்கிய பம்பரை நோக்கிய மாத்திரத்தில் நடந்தது இன்னதென நவிலும் நுண்கண்ணர், உடைந்த முகப்பு விளக்கின் ஒற்றைச் சில்லைக் கையிலேந்தி ஓட்டியவர் உறங்கினாரா உரையாடினாரா என்று உரைக்கும் உத்தமர், மோதிய வண்டிகள் மலைபோல் குவியினும் "யார் மேல் தப்பு?" என்னும் கேள்விக்கு மலையாமல் விடை பகரும் இன்சூரன்ஸ் ஆய்வாளர், குடும்பக் குழுவில் பெரியோரும் சிறியோரும் ஒருமிக்க "அத்தான்" என்று விளிக்கும் அண்ணல் வாழ்க! படங்களுக்கெல்லாம் அதிதேவதையே, அலைவரிசையில் வீற்றிருக்கும் ஏந்திழையே, இக்காதையைச் சொல்லி முடிக்கும்வரை எமக்கு நாவன்மையும் அவர் செல்பேசிக்குச் சார்ஜும் தந்தருள்வாயாக.

போர்க்களம் எதுவெனில், அத்தானின் மனைவிவழிச் சுற்றத்தார் அனைவரும் கூடியிருந்த, உள்ளங்கை அகலத் திரையில் ஊர்தோறும் விரிந்த குடும்பக் குழு. போர் நாள், ஞாயிற்றுக்கிழமை. போரின் அறமோ பின்வருமாறு. புதிர் தொடுப்பவர் ஐந்து படங்களை எய்வார். அவ்வைந்தையும் மாலைக்குள் நார்போலக் கோத்து நிற்கும் பொருளொன்று மறைந்திருக்கும். கண்டுகொண்டவர் அதை வாய்விட்டுக் கூறலாகாது. அதே இனத்துப் பிறிதொரு பொருளைத் தம் வீட்டிலேயே தேடிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். பொருந்தினால் மகுடப் பொம்மை. பொருந்தாவிடில் சிவப்புப் பெருக்கல் குறி. மூன்று தவறுக்குமேல் எவருக்கும் இடமில்லை. இவ்வாறு ஆளுக்கொரு படமாய்ச் சேர்த்துச் சேர்த்துக் குழுவே ஒன்றாய் முடிக்கும் புதிர் என்பதால், இதைக் கூட்டுப்புதிர் என்றார்கள். கடைசிவரை விளங்காமல் நிற்பவரின் முகம் ஒரு வாரத்துக்குக் குழுவின் முகப்புப் படமாக வைக்கப்படும்.

பல வாரங்களாக அந்த முகப்பில் இருந்தது ஒரே முகம். யாரோ ஒருவருடைய கல்யாண மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், தலை பின்னால் சாய, வாய் குகைபோல் திறந்து கிடக்க, அத்தான் அயர்ந்து உறங்கும் திருக்கோலம் அது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அந்தத் திறந்த வாய் திரையில் தோன்றி மறையும். மேலாளரோடு கூட்டத்தில் அமர்ந்திருந்தபோதும் ஒருமுறை தோன்றியது, மேலாளர் குனிந்து பார்த்து, "யார் சார் இது, பாவம்?" என்று கேட்டார். ஊரார் வண்டிகளின் இடிபாட்டையெல்லாம் கண்டு சொல்லும் ஒருவருக்கு அது பொறுக்கக்கூடிய அவமானமா? உள்ளுக்குள் அவருக்கு நிஜமாகவே வலித்தது.

அந்த ஞாயிறு புதிர் தொடுத்தவர் அவருடைய மனைவியின் தம்பி. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை பொருத்தும் தொழிலர், பசுவினும் சாதுவானவர், அக்கா வீட்டுக்காரர் எதிரில் காலை நீட்டிக்கூட உட்காராதவர். அன்னார் அன்று காலை, தம் செல்பேசியில் கிடந்த பழைய படங்களிலிருந்து, ஐந்து கணைகளை அடுத்தடுத்துத் தொடுத்தார். முதலாவது, கறுப்புக் குடை. இரண்டாவது, அலுமினிய ஏணி. மூன்றாவது, ஒரு பேனா. நான்காவது, ஒரு தடித்த புத்தகம். ஐந்தாவது, உருளைக் கால் வைத்த பயணப்பெட்டி.

அவையோரே, அருகில் வாருங்கள். மறைபொருளை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறோம்: இரவல் போனால் திரும்பி வராதவை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அத்தானுக்குத் தெரியாது, தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

கணைகள் வந்து தைத்த கணமே களம் கொந்தளித்தது. கணக்கு ஆசிரியையான மைத்துனி, காய்ச்சிய பாலை இறக்கி வைக்கும் நேரத்துக்குள், மூடி மட்டும் மிஞ்சிய ஒரு டப்பாவின் படத்தை வீசி மகுடம் கொண்டாள். மாமனார், முதுமையை முதுகிலும் குறும்பை மூக்குக்கண்ணாடியிலும் தாங்கிய அப்பெருந்தகை, டார்ச் லைட் தொங்கிய வெறும் ஆணியைப் படமெடுத்து அனுப்பி மகுடம் கொண்டார். அடுத்த அறையிலிருந்த அத்தானின் அருமை மகள் சார்ஜர் ஒன்றை அனுப்பினாள், மகுடம். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியோ செல்பேசியை ஒரு பார்வை பார்த்து, கண்ணீர் வழியவே சிரித்து, கத்தரிக்கோல் படத்தை அனுப்பினாள், மகுடம். வெங்காயத்துக்கு அழுதாளா, சிரித்து அழுதாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

"என்னது, உனக்குமா தெரிஞ்சிடுச்சு?" என்று கர்ச்சித்தார் அத்தான்.

"உங்களுக்குத் தெரியலையா? உங்களுக்குத்தாங்க முதல்ல தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அவள்.

அவர் சிலிர்த்தெழுந்தார். மடக்கு நாற்காலியினின்றும் எழுந்தார், எழுந்தபின் செருகிய லுங்கியை மீண்டும் செருகினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு படங்களை அகட்டிப் பார்த்தார். விரியும் குடை, விரியும் ஏணி, விரியும் புத்தகம், திறக்கும் பேனா, திறக்கும் பெட்டி! ஆகா, திறப்பனவும் விரிவனவுமன்றோ மறைபொருள் என்று முழங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவை அகலத் திறந்து, உள்ளிருந்த அரை எலுமிச்சம்பழத்தோடும் பழைய குழம்போடும் படமெடுத்து முதற் கணையை ஏவினார். சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழுந்தது.

தளர்வாரோ? தாங்குவனவே மறைபொருள் என்று துணிந்தார். ஏணி ஆளைத் தாங்கும், குடை மழையைத் தாங்கும், பெட்டி துணியைத் தாங்கும், புத்தகம் அறிவைத் தாங்கும், பேனா மையைத் தாங்கும். முக்காலி ஒன்றை நடுக்கூடத்தில் நிறுத்தி, மன்னன் தன் பட்டத்து யானையை நோக்குவதுபோல் அதைப் பல கோணத்திலும் நோக்கி, இரண்டாம் கணையை ஏவினார். பெருக்கல் குறி. "அத்தான், கல்யாண மண்டபப் போட்டோவே மறுபடியும் போட்றலாமா?" என்று கேட்டாள் மைத்துனி.

எஞ்சியது ஒரே கணை. தோற்றால் இன்னும் ஒரு வாரம் அந்தத் திறந்த வாய். அப்போதுதான், மோதிய வண்டியின் கீறலுக்குள் மற்ற வண்டியின் பெயிண்ட்டைத் தேடும் தொழிற்பழக்கத்தால், அவர் ஏணிப் படத்தை இன்னும் அகட்டினார். மூன்றாம் படியில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயிண்ட். திடுக்கிட்டார். இந்தச் சொட்டை எங்கோ கண்டோமே! எங்கோ என்ன, பால்கனியில்! ஓடினார். அங்கே, துணி காயப்போடும் கடமையில் பல மழைக்காலங்களாய் நின்றிருந்த ஏணியின் மூன்றாம் படியில் அதே பச்சைச் சொட்டு. திரும்பி ஓடினார். கதவின் பின்னால், கைப்பிடி கோணிய அதே கறுப்புக் குடை! பீரோவின் மேல், ஓர் உருளை இழந்த அதே பயணப்பெட்டி! உலக வரலாற்றில் இதற்குமுன் ஒரு புதிர் ஒருவர் வீட்டில் இவ்வளவு துல்லியமாக வந்து உட்கார்ந்ததில்லை.

அந்தோ, அங்கேதான் பகுத்தறியும் பேரறிஞர் சறுக்கினார். இத்தனை தடயங்களை வேறொருவர் வீட்டில் கண்டிருந்தால் கண்ணிமைக்குமுன் "இவர் மேல்தான் தப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். தம் வீட்டில் கண்டதால் அவர் நெஞ்சு நெகிழ்ந்தது. "நம்ம வீட்டுப் பொருள்தான் மறைபொருள்! நான் தோத்துத் தோத்து வாடறதைப் பார்த்து மனசு கேக்காம, எனக்காகவே பண்ணியிருக்கான் மச்சான்!" என்று சொல்லி, கண்களில் நீர் மல்க நின்றார். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எமக்கு ஐயமில்லை.

கட்டிலின் கீழே கையை விட்டார். முதலில் அகப்பட்டது டிரில் மிஷின். அதன் பெட்டிமேல் பட்டையான கறுப்பு மையில் மைத்துனரின் பெயர், தொழில், தொலைபேசி எண் யாவும் பொறிக்கப்பட்டிருந்தன. அவையனைத்தும் தெளிவாகத் தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, இறுதிக் கணையைத் தொடுத்தார்.

மகுடம்! அண்டம் அதிர்ந்தது, செல்பேசி அதிர்ந்தது, மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் சரம் சரமாய்ப் பொழிந்தன. அவற்றை அவர் ஆனந்த மாரி என்று கொண்டார். வெற்றிக் களிப்பு தலைக்கேற, குரல்பதிவுப் பொத்தானை அழுத்தித் தம் பேரறிவிப்பை வெளியிட்டார்: "எல்லாரும் கேட்டுக்கோங்க! இது வெறும் ஆரம்பம்தான்! நம்ம வீட்ல இன்னும் எவ்வளவோ இருக்கு! ஒண்ணொண்ணா வருது!"

வந்தன. மடக்கு நாற்காலிகள் வந்தன, மகுடம். நீட்டு ஒயர் சுற்றிய மின்பலகை வந்தது, மகுடம். ஸ்குரூடிரைவர்க் கூட்டம் அணிவகுத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மகுடம். மாமனாரின் டார்ச் லைட் வந்தபோது, "மாப்பிள்ளை, இதைத்தான் நாலு தெருவுலயும் தேடிட்டு இருந்தேன்" என்று அப்பெருந்தகை எழுதினார். மைத்துனியின் டப்பா, மூடியைப் பிரிந்த துயரோடு அலமாரியின் அடுக்கினின்றும் இறங்கி வந்தது.

"என்னங்க, போதும். போனைக் கீழ வைங்க" என்றாள் மனைவி.

"அப்பா, இதுக்குமேல வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

"சும்மா இருங்க. இன்னைக்குத்தான் ஃபார்ம்ல இருக்கேன்" என்றார் வாகை சூடிய வேந்தர்.

கடைசியாக மைத்துனர் ஒரே ஒரு வரி எழுதினார்: "அத்தான், வீட்லதானே இருக்கீங்க? வந்துட்டே இருக்கேன்."

அடடா, நேரில் வந்து வாழ்த்துகிறானாம்! அத்தான் முகம் கழுவினார், தலை வாரினார், கல்யாணங்களுக்கு மட்டும் அணியும் வெள்ளைச் சட்டையை அணிந்து வாசற்கதவருகே நின்றார். மாற்றார் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்குக் கரந்தை என்றொரு திணையே வகுத்த நம் முன்னோர், ஏணி மீட்பதற்கு ஒரு துறையும் வகுக்காமல் போனதை நினைத்து நாம் பெருமூச்செறியும் வேளையில், வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது.

"வாழ்த்துகள் அத்தான்" என்று உண்மையான மரியாதையோடு கைகூப்பினார் மைத்துனர். பிறகு கூச்சத்தோடு தலை சொறிந்தார். "வாய் விட்டுக் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குப் பெரிய வேலை ஒண்ணு இருக்கு, ஏணி இல்லாம முடியாது." அதன்பின் செல்பேசியில் படங்களை ஒவ்வொன்றாய்த் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒவ்வொரு பொருளாய் வண்டியில் ஏற்றினார். தேடும் சிரமமே அவருக்கு இல்லை; எது எந்த அறையில் என்பதுவரை படத்தில் இருந்தது.

ஏணியின் மறுமுனையைப் பிடித்து மாடிப்படி இறங்கியவர் அத்தானேதான். பாதிப் படியில், பச்சைச் சொட்டு மூக்குக்கு நேரே வந்த தருணத்தில், அவர் நின்றார். யார் மேல் தப்பு என்பது இருபதாண்டு அனுபவத்தின் முழு வெளிச்சத்தோடு அவருக்கு விளங்கிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயினும் அவர் மேலாளர் முன் இனித் தோன்றப்போவது வாய் திறந்த படமன்று. வெள்ளைச் சட்டையில், தலைமேல் பொன் மகுடப் பொம்மை ஒட்டப்பட்டு, வெறுமையாய் ஒளிரும் கூடத்தின் நடுவே அவர் நிமிர்ந்து நிற்கும் புதிய படம். மகளே எடுத்து, அவளே முகப்பில் வைத்தாள். வெறுங்கூடத்தில் வென்ற வேந்தர், மறைபொருள் கண்ட மாமேதை, இரவற் பெருங்கடலைக் கையாலேயே கரைசேர்த்த கோமான் என்று திசையெட்டும் புகழ, வீரத்தின் களைப்பு மேலிட, அத்தான் அன்றைக்குப் பகலெல்லாம் முக்காலியில் அமர்ந்து வாய் திறந்து உறங்கினார்.

மறுநாள் சமையலறை பல்பு ஃபியூஸ் போய்விட்டது. அவர் மச்சானுக்குப் போன் செய்து, ஏணி இருக்கிறதா என்று கேட்டார்.