சத்தம் போடாத விமான நிலையம்

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சந்திரமோகன் அவர்களுக்கு, மாமனார் ஜெகநாதன் எழுதிக்கொள்வது. புனேயில் தாங்களும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் பானுவும், ஒரு மாதமாக அங்கேயே துணைக்கு இருக்கும் என் மனைவி திலகவதியும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு நான் வந்து சேராததால் பானு என்னோடு பேசுவதில்லை. போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். தாய்வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வளையலுக்கு உட்காருவதுதான் நம் வழக்கம். இருபது நாள் நானே தறியில் உட்கார்ந்து நெய்த அரக்குப் புடவை இங்கே பீரோவில் கிடக்க, அவள் பழைய புடவையில் உட்கார்ந்தாளாம். பெற்ற மனம் பதைக்கிறது. தப்பு என்னுடையதல்ல என்று நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

"சுற்றுச்சூழலைக் காக்கிற விமான நிலையம் மாமா, நீங்களே பாருங்க" என்று டிக்கெட் போட்டவர் தாங்கள். பார்த்தேன். வாசலிலேயே ஒரு பெண், புடவை சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு காகிதப் பை கொடுத்தாள். முகம் கழுவப் போனால் குழாயில் திருகு இல்லை. கையை நீட்டி நிற்க வேண்டுமாம், நின்றால் கோயில் தீர்த்தம் அளவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது, சோப்பு நுரையோடு நான்கு குழாயிலும் மாறி மாறிக் கையேந்தினேன். கரண்ட் மிச்சமாம், விளக்குப் போடாமல் கூரை முழுக்கக் கண்ணாடி. ஆரணி வெயில் போதாதென்று அங்கேயும் உச்சந்தலையில் வெயில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். சத்தமும் ஒரு மாசு என்று விமானம் கிளம்புவதை அறிவிக்கவே மாட்டார்களாம், அது யாருக்குத் தெரியும்? நம் பஸ் ஸ்டாண்டில் "களம்பூர், போளூர்! ஏறு ஏறு, ஜல்தி!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினால்தான் நமக்கு எழுந்திருக்கவே தோன்றும். புனே என்று யாராவது கத்துவார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. கவுன்ட்டரில் போய்க் கேட்டால், "பிளைட் போயிடுச்சு சார்" என்கிறாள் ஒரு பெண், அதையும் மெதுவாக.

"ஒரு கொரல் குடுக்கக் கூடாதாம்மா? இங்கியேதான குந்திகினு இருந்தேன்!" என்று நான் போட்ட சத்தம்தான் அன்று அங்கே ஏற்பட்ட ஒரே மாசு. கையோடு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து ஊர் வந்தேன்.

பானுவுக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம் சொல்லவும்.

இப்படிக்கு,
பேஜாராகிக் கிடக்கும் மாமனார்,
ஜெகநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பானுவே கூப்பிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. என் புகாருக்குப் பதிலாக, சாட்சிக்கு எடுத்து வைத்திருந்த வீடியோவை விமான நிலையத்துக்காரர்கள், டிக்கெட் போட்ட உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறார்களாமே. வெயிலுக்கு அந்த அரக்குப் புடவையைப் பிரித்துத் தலையோடு போர்த்திக்கொண்டு நான் தூங்குகிறேனாம். இரண்டு பெண்கள் குனிந்து என் பெயரைச் சொல்லி மூன்று தடவை எழுப்புகிறார்களாம். "தறி ஓடிகினு இருக்குது, அப்புறம் வாம்மா" என்கிறேனாம். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை மாப்பிள்ளை. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். போனை வைக்கும்போது பானு சொன்னாள்: "பொடவைய தோச்சிடாதப்பா, அப்படியே எடுத்துகினு வா. கொழந்த பொறந்ததும் மொதல்ல அதுலதான் சுத்தப்போறேன்."