சமையல் மேசைமேல் விமான மூடி

அன்புள்ள கொழுந்தன் ராடிமுக்கு அண்ணி டிரகோமீரா எழுதுவது. நீயும் ஒட்டிலியாவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் சமையல் மேசைமேல் ஒரு விமானத்தின் மூடி, ஓட்டுகிறவன் தலைக்குமேல் கவிழ்க்கிற பிளாஸ்டிக் கண்ணாடி, குந்தியிருக்கிறது, நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். இதில் நலம் எங்கிருந்து வரும், நீயே சொல்.

உன் அண்ணன் வெண்டலின் வருஷக்கணக்காகக் கொட்டகையில் தட்டித் தட்டிச் செய்த விமானம் அது. ஒரு தடவைகூடப் பறக்காமல் ஈஸ்டருக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கம் கேட்க வருகிறவன் எல்லாம் நேரே கொட்டகைக்குப் போய் "ஐயோ, எப்படி இழைச்சிருக்கான் பாரு"ன்னு அழுகிறான், அப்புறம் நான் அவனைத் தேற்றிக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் எப்போது அழுவது? அதனால்தான் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். பிர்னோவிலிருந்து ஒரு பல் வைத்தியர், பனி விழுவதற்குள் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அது போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, நீ ஊர்த் திருவிழாவுக்கு வரும்வரை.

"அண்ணி, சும்மா ஒரு நிமிஷம் உக்காந்து பாக்கிறேன்"னு ஏறினாய். வயிற்றில் பிளம் சாராயம். இருக்கையின் இடுப்பு வாரிலுள்ள இரும்புக் கொக்கி வெளியே தொங்குவதைப் பார்க்காமல் மூடியை இழுத்துச் சாத்தினாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒண்ணுமில்ல அண்ணி, மயிரிழை கீறல். அது முடியிற இடத்துல ஒரு ஓட்டை போட்டா அங்கேயே நின்னுடும்"னு இரும்பு துளைக்கிற கருவியை அந்தக் குளிரில் அதன்மேல் வைத்தாய். கீறல் நின்றதா? எலி மாதிரி அந்தக் கோடிவரை ஓடியது. நீ ரயிலைப் பிடித்து ஓடினாய். மறுநாள் விமானக் கழகத்து க்விடோ ஒட்டித் தருகிறேன் என்று வந்து, பசை பிடிக்க அழுக்குப் போக வேண்டும் என்று அதே பிளம் சாராயத்தால் மூடி முழுக்கத் துடைத்தான். நம் ஊரில் பல்வலிக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான், விமானத்துக்கு மட்டும் ஆகாது என்று அவனுக்கு யார் சொல்வது? காலையில் பார்த்தால் பழைய பீங்கான் தட்டு மாதிரி மூடி முழுக்க வெடிப்பு.

கழகத்தார் எழுதிப் போட்டுப் புது மூடி வந்தது, பெரிய சோப்புக் குமிழி மாதிரி. ஓரத்தை அறுத்துத்தான் பொருத்த வேண்டுமாம், அதுவும் சூட்டில் அறுக்க வேண்டுமாம், குளிரில் அறுத்தால் பிளந்துவிடுமாம். கழகத்து ஹினெக், உன் அண்ணனோடு கூடவே நின்று வேலை பார்த்தவன், நான் பன்றி அடித்த அன்றைக்குப் பார்த்து வந்து நிற்கிறான்.

"ஹினெக், இது அடுப்படிடா, விமான நிலையம் இல்ல!"

"அக்கா, அண்டா கொதிக்கிறப்ப இந்த மாதிரி சூடு மொராவியாவிலேயே வேற எங்கயும் கிடையாது."

கதவில் மூடி நுழையவில்லை, ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றினார்கள். ஹினெக்கும் கூட வந்த க்விடோவும் பனியனோடு நின்று அறுக்க, வெள்ளைத் தூள் பறந்து குடலில் அடைக்க வைத்திருந்த கறிக்கலவையில் விழுந்தது.

க்விடோ ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, "உப்பு போதலக்கா"ன்னான்.

கலவை முழுவதையும் குழியில் கொட்டினேன். ஒரு பன்றியின் பாதி போச்சு. மூடியை மட்டும் "அசைக்காதீங்க, சூடு ஆறி அது நிதானத்துக்கு வரட்டும்"னு மேசைமேல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு எப்போது நிதானம் வருவது?

ஆகையால் ராடிம், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வர வேண்டும். இந்த மூடியை வெளியே எடுத்து விமானத்தில் பூட்டி, என் ஜன்னலை மாட்டி, பல் வைத்தியரிடம் எனக்காகப் பேசி, அந்தச் சனியனை இந்த வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும். நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள். பிள்ளைகளுக்கு முத்தம். ஒட்டிலியாவின் இருமலுக்குத் தேன் கொடு.

இப்படிக்கு,
உன் அண்ணி டிரகோமீரா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் பல் வைத்தியர் இன்றைக்கே வந்துவிட்டார். ஹினெக்கும் க்விடோவும் ஓடி வந்து மூடியைப் பூட்டினார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. நானும் முதல்தடவையாகப் பக்கத்தில் போய் நின்றேன். வைத்தியருக்கு எல்லாம் பிடித்திருந்தது. "இறக்கையோரம் இந்தச் சின்னப் படி மட்டும் எதுக்கு? வீண் கனம், அறுத்துடலாம்"னார். ஹினெக் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அது அக்காவுக்கு. முட்டி மடங்காதே, எப்படி ஏறுவாங்கன்னு வெண்டலின் தனியா வச்சது." என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை ராடிம். வைத்தியருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். விமானம் விற்பனைக்கு இல்லை, நீ வர வேண்டாம். வெயில் காலம் வந்ததும் ஹினெக் முதலில் தனியாகப் பறந்து பார்ப்பான், அப்புறம் என்னை ஏற்றிக்கொள்வான். அவ்வளவு உயரத்தில் தலைக்குக் கம்பளி முக்காடு போதுமா என்று ஒட்டிலியாவைக் கேட்டு எழுது.