மைனஸ் மாமா குளிர்காலத்தைக் கொளுத்திய கதை

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என நம்பிய ஒரே மனிதர் மைனஸ் மாமாதான். நம்பியதோடு விட்டாரா? நம் மாசியான கும்ப மாத வெயிலில், மின்விசிறியே மூச்சு வாங்கும் நாளில், அதைப் பொம்மை கட்டிக் கொளுத்தி வழியனுப்பியும் வைத்தார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஸ்ரீவராகம் பேட்டையில் யாருக்கும் நினைவில்லை. வாலிபத்தில் ரஷ்யாவுக்குப் படிக்கப் போய், ஆறு வருஷம் ஹாஸ்டலில் இருந்துவிட்டுத் திரும்பியவர். யாராவது "என்ன உஷ்ணம்!" என்று வாயைத் திறந்தால் போதும், "அங்கே மைனஸ் இருபத்தெட்டு, ஓய்!" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி சாது. காலை மிதித்தாலும், மேலே காப்பியைக் கொட்டினாலும், "சாரமில்லே" என்பார். 'பரவாயில்லை' என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அது. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில், காப்பியைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் குடியிருந்தது அவர் வீட்டுக்கு எதிர் மாடி. ஒரு திங்கட்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால், மாமா வீட்டு வாசலில் வைக்கோல் பெண்ணொருத்தி பழைய சுங்குடிச் சேலையும் கம்பளி மப்ளருமாக நின்றுகொண்டிருந்தாள். தெருவில் போன மாமி ஒருத்தி அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். உடல் கிடைக்காமல் போனவர்களுக்குத்தானே புல்லில் உருவம் செய்து எரிப்பார்கள்?

"யாரு போயிட்டா?"

"குளிர்காலம் போறது மாமி. ஞாயித்துக்கிழமை தகனம்" என்றார் மாமா.

"தீட்டு உண்டோ?"

"தீட்டு இல்லே. தோசை உண்டு."

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்திய வாரத்தில் ரஷ்யாவில் கொண்டாடும் மஸ்லெனித்சாவாம் அது. மாமா, கோயில் பொங்காலைக்குத் தெருவில் பொங்கல் வைக்க வாங்கி மிஞ்சிய செங்கல்லில் அடுப்பு மூட்டி, கோதுமையும் பாலும் கரைத்து, நெய்யில் மெல்லிசாக வார்த்துக் கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் முழித்ததைப் பார்த்து விளக்கினார்.

"இந்த வாரம் ரஷ்யாக்காரன் மாமிசம் தொடமாட்டான், ஓய். பால், நெய், வெண்ணெய்தான். வருஷத்துல ஒரு வாரம் அந்த தேசம் முழுக்க நம்ம அக்ரஹாரம்! இந்த வட்டத் தோசை இருக்கே, இது சூரியன். சூரியனை வா வான்னு கூப்பிடறது."

இங்கே சூரியன் அழைப்பில்லாமலே நடு மண்டையில் உட்கார்ந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. தோசை அவ்வளவு நன்றாக இருந்தது.

வினை அடுப்பில் இருந்து வந்தது. புகை முழுவதும் நேரே என் ஜன்னலுக்குள். மூன்றாம் நாள் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் என் சட்டையை மோந்துவிட்டு, "வீட்டில் ஹோமமுண்டோ சாரே?" என்று கேட்டார். மாமாவிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அப்போதுதான் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து மலையாளம் எழுதப் படித்திருந்தேன். கை சும்மா இருக்குமா? பெயர் போடாமல் ஒரு புகார் எழுதி, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் பெட்டியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் கூட்டினார்கள். செக்ரட்டரி, கோப்புகளோடேயே வாழ்ந்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மாமா, உங்காத்துலேருந்து தினமும் பகை வரதாம். மூச்சு முட்டறதாம். நடவடிக்கை எடுக்கணுமாம்."

மலையாளத்தில் புகைக்கு 'புக', பகைக்கு 'பக'. நடுவில் ஓர் உகரக் கொம்புதான் வித்தியாசம். அந்தக் கொம்பை நான் போடவில்லை!

"பகையா? நான் யாருக்கு என்ன பண்ணினேன்? சரியா வாசியும்" என்றார் மாமா.

"கடுதாசில உள்ளதைத்தானே வாசிக்க முடியும்?"

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. நான் கடைசி வரிசையில் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்தின் கடைசி நாள், ரஷ்யர்களுக்கு மன்னிப்பு ஞாயிறு. எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். மாமா ஒரு தட்டு நிறையத் தோசையோடு காலையிலேயே கிளம்பிவிட்டார். தெரு கதிகலங்கியது. "மன்னிப்பா? என்ன பண்ணித் தொலைச்சேள்?" என்று ஒரு மாமி கொல்லைக்கு ஓடி மாங்காயை எண்ணினாள். செக்ரட்டரி, "எழுத்துமூலம் தாங்கோ" என்றார். பகை இருப்பதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கடைசியாக என் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. தட்டில் ஒரே ஒரு தோசை.

"ஓய் திருநெல்வேலி, என்னை மன்னிச்சுடும். எதுக்குன்னு எனக்கே தெரியலை."

"உட்காருங்க மாமா."

"ஹாஸ்டல்ல என் ரூம்காரன் ஒருத்தன். ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. இதே ஞாயித்துக்கிழமை வந்து மன்னிச்சுடுன்னான். நான் கதவைச் சாத்திட்டேன், ஓய். மறுநாள் ஊருக்குப் போனவன், அப்புறம் திரும்பவே இல்லை. இங்கேயும் யாரோ ஒருத்தர் என்னாலே மூச்சு முட்டிண்டு இருக்கார். அவர் மன்னிக்காம பொம்மைக்கு நெருப்பு வைக்கமாட்டேன்."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாமா, அது புகை."

"எது?"

"பகை இல்ல மாமா, புகை. ஒரு கொம்பு விட்டுப்போச்சு. எழுதுனது நாந்தான்."

மாமா ஜன்னல் வழியே கீழே அடுப்பைப் பார்த்தார். கொடியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு கொம்புக்காகவா ஓய், இந்த வெயில்ல நாற்பது வாசல் ஏறி இறங்கினேன்?"

"என்னை மன்னிச்சிருங்க மாமா."

கடவுளை இழுத்துப் பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மிச்சமிருந்த தோசையை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் கையில் வைத்தார்.

"சாரமில்லே. வாரும், நீரே கொளுத்தும்."

கொளுத்தினேன். குளிர்காலம் சேலையும் மப்ளருமாகப் பற்றி எரிந்தது. காற்று திரும்பி, அத்தனை புகையும் என் ஜன்னலுக்குள்ளேயே போனது. மாமா கைகொட்டிச் சிரித்தார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் செய்து, மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். "எதுக்கு ஓய்?" என்பார். காரணம் ஒன்றும் இல்லை. அவர் வாயால் அந்த 'சாரமில்லே'யை ஒரு தடவை கேட்க வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.