சாப்பாட்டு மேசைக்குப் போகும் பஸ்

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணாவுக்கு, உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து பொய் எழுதக் கை வரவில்லை. ஆகவே "எல்லோரும்" என்பதில் ஒருவரைக் கழித்துக்கொள்ளவும். அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா? நான் அனுப்பிய தைலத்தை, வாசனை பிடிக்கவில்லை என்று அலமாரியில் வைத்துவிடாமல் தேய்த்துக்கொள்ளச் சொல்லவும். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே உங்கள் மாப்பிள்ளை, "ஆபீஸ்ல சத்தம் போடாதே" என்கிறார். ஆபீஸ் என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

விவரமாகச் சொல்கிறேன். அவர் கம்பெனியில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, இனிமேல் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆனந்தக் கண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து நான் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த எட்டு மணி பஸ்ஸில் இவருக்கு உட்கார ஒரு சீட்டு. சட்டைப் பொத்தான் ஒன்றாவது அறுந்து வராத நாள் உண்டா? பஸ்ஸில் கேட்டதற்குச் சாமி வீட்டிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தாரே என்று உருகிப்போனேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வெந்நீருக்குக் காத்திருப்பவர் போலத் துண்டும் தோளுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று நாள் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு காலை, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "சாப்பாடு கட்டியாச்சா?" "எங்கே கிளம்பிட்டீங்க?" "ஆபீசுக்கு." இல்லாத ஆபீசுக்குத்தான் அண்ணா! டிபன் பாக்ஸைக் கொடுத்தேன். போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து அழைப்பு மணி அடிக்கிறது, திறந்தால் இவர். பூட்ஸைக் கழற்றி, வேர்வையைத் துடைத்து, "அப்பப்பா, இன்னிக்கு என்ன கூட்டம்!" என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தார் பாருங்கள், மத்தியானம் வரை தலை நிமிராமல் வேலை!

அன்று பிடித்தது இந்தப் பழக்கம். எட்டு மணி பஸ் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இருக்கும் பழைய ஆபீஸ் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளம்பிப் போய்ச் சுற்றிவிட்டு வந்து, "அப்பாடா, வீடு வந்து சேர்ந்தாச்சு" என்கிறார். மத்தியானம் எட்டடி தூரத்தில் அடுப்பில் சுடச்சுடச் சோறு இருக்க, காலையில் கட்டிய டிபன் பாக்ஸைத் திறந்து ஆறினதைச் சாப்பிடுகிறார். நடுவில் ஒரு நாள், காஸ் தீர்ந்துபோச்சுங்க என்றேன். "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லு" என்றார். ஒரு நாள் பஸ் பழுதாகி நேரம் கழித்து வந்தவர், கதவைத் திறந்த என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார். நானும் வேறு வழியில்லாமல், "பரவாயில்லை, போய் உட்காருங்க" என்றேன். இந்தப் பஸ் செலவை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று திண்டாடி, கடைசியில் மருந்துச் செலவில் சேர்த்துவிட்டேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். இந்த மாதம் புதிதாக ஒரு மேனேஜர் அம்மா வந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு எல்லோரும் கம்ப்யூட்டரில் முகம் காட்டவேண்டும் என்று உத்தரவு. ஒன்பது மணிக்கு இவர் முகம் பஸ்ஸில் அல்லவா இருக்கிறது? புதன்கிழமை போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது அலறியது. நான் எடுத்தேன்.

"சார் இருக்காரா?"

"ஆபீசுக்குப் போயிருக்காருங்க."

"எந்த ஆபீசுக்கு?"

"இங்கேதாங்க."

"அப்ப கூப்பிடுங்க."

"இன்னும் வந்து சேரலைங்களே."

அந்த அம்மா, "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் உட்கார்ந்திருக்கணும். இல்லேன்னா இனி உட்காரவே வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டார். இவர் வயதுக்கு இனிமேல் யார் அண்ணா வேலை கொடுப்பார்கள்? சின்னவள் படிப்பு பாதியில் நிற்கிறது. அழுதுகொண்டே சொன்னேன். இவர் அமைதியாக, "பஸ்ஸை விட்டா எனக்கு வேலை ஓடாது. வேலை ஓடலைன்னாலும் அந்தம்மா அனுப்பிடும். எப்படிப் போனா என்ன?" என்கிறார்.

அந்தப் பஸ்ஸில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மறுநாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நானும் ஏறிவிட்டேன். சாமி, அந்தக் கூட்டத்தில் என் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எட்டிப் பார்க்கிறேன். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறார், பஸ்ஸே சிரிக்கிறது. இவரும் சிரிக்கிறார். கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. "கம்பி சார், அப்புறம் என்னாச்சு?" என்று ஒரு டெய்லர் கேட்கிறார். கம்பி சாராம்! அதற்குள் இவருக்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டு காலியாகிறது. இவர் உட்காரவில்லை. இன்னொன்று காலியாகிறது. அதற்கும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். இத்தனை வருஷம் நான் சாமி காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்த சீட்டு! பொறுக்க முடியாமல், "என்னங்க, அதான் காலியா இருக்கே, உட்காருங்களேன்!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

பஸ் முழுக்கத் திரும்பியது. இவர் என்னைப் பார்த்து அரண்டுபோய், "நீ இங்கே வந்துட்டா ஆபீஸை யார் பாத்துக்கறது?" என்றார்.

"கம்பி சார் வீட்டம்மாவா!" என்று ஆளாளுக்கு வழிவிட்டார்கள். ராத்திரி வேலை முடித்து வரும் ஒரு நர்ஸ், "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். டெய்லர், "சாரை மட்டும் உட்காரச் சொல்லாதீங்கம்மா. கூட்டத்துல வெளியே ஒண்ணும் தெரியாது, அவர் தலைதான் எங்களுக்கு அடையாளம். அது அசைஞ்சாத்தான் எங்க நிறுத்தம் வருதுன்னு தெரியும்" என்றார். கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். பூட்டிக் கிடந்த ஆபீஸ் வாசலில் காவலாளி சலாம் வைத்தார். இவர் தலையசைத்தார். அவ்வளவுதான், திரும்பிவிட்டோம்.

ஆனால் பஸ் சிரித்தால் சம்பளம் வருமா? ஆகவே அண்ணா, ஞாயிறு இரவே நீங்கள் புறப்பட்டு வரவேண்டும். திங்கள் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களைத் தாண்டிப் போக அவருக்குத் தைரியம் கிடையாது. பூட்ஸை நான் ஒளித்துவிடுகிறேன். அண்ணிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் பங்கு குறையாமல் கொடுக்கவும். சளி இருமல் அண்டாமல் உங்கள் எல்லோரையும் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களையே நம்பியிருக்கும்
தங்கை

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் சாமி படத்துக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. அதுவும் நல்லதற்கே. கடைத்தெருவில் பார்த்த அந்த நர்ஸ், "இதுக்கு ஏங்க்கா அழறீங்க? ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கே" என்றாள். திங்களன்று இவர் அதில் போய்விட்டு, ஒன்பது மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் அம்மாவுக்குப் பரம திருப்தி. ஆனால் இவர் முகம்தான் தொங்கிப்போயிற்று. "பஸ் பூரா காலி. இடிக்க ஒரு ஆள் இல்லை. இதுல ஆபீஸ் போற மாதிரியா இருக்கு?" பாவமாக இருந்தது. செவ்வாயன்று நானும் கூடப் போய், கம்பியைப் பிடித்துப் பக்கத்தில் நின்று, வளைவு வந்தபோதெல்லாம் கைப்பையால் ஓர் இடி இடித்தேன். முகம் தெளிந்துவிட்டது. புதனும் போனேன். நேற்று கால்வலி என்று போகாமல் இருந்து பார்த்தேன். அடுப்படியில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை அண்ணா, குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். இன்று போய்விட்டு வந்தேன், சமையல் பறந்தது. ஆகவே நீங்கள் புறப்பட வேண்டாம். வந்தே தீருவதானால் ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து போகவும். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் லீவு.