காத்தாடிக்குப் பதினேழு வகுப்பு

வகுப்பு பிரிப்பவரை உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஒருவன் முந்திப் போனால், அந்தச் சைக்கிளுக்கு எத்தனை வயது என்று விசாரிப்பார். பந்தியில் ஒருவன் நாலு லட்டு கூடுதலாகத் தின்றால், காலையில் அவன் பலகாரம் சாப்பிட்டானா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெறும் வயிறும் பாதி வயிறும் ஒரே பந்தியில் உட்காரலாமா? அடுக்குமா?

சாந்தோம் பிரகாசம் வாத்தியார் இந்த இனத்தில் அசல் வித்து. ஈஸ்டர் கழிந்த ஞாயிறன்று கோயில் சங்கத்தார் கடற்கரையில் நடத்தும் காத்தாடிப் போட்டியில் பதினோரு வருஷம் கலந்துகொண்டு, பதினோரு காத்தாடிகளையும் நொச்சிக்குப்பம் மண்ணாங்கட்டியின் மாஞ்சா நூலுக்குப் பலி கொடுத்தவர். சுவரில் ஆணி அடித்துப் பதினோரு வருஷமாகிறது, மாட்டத்தான் ஒன்றும் வரவில்லை என்று மனைவி கிளாடிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். முதல் பரிசுப் பத்திரம் ஒன்றே ஒன்று. பாவம், மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

நாற்பத்தெட்டாவது வயதில் சங்கச் செயலாளர் பதவி கைக்கு வந்தது. விடுவாரா? வாலுள்ள காத்தாடி, வாலில்லாத காத்தாடி, மாஞ்சா நூல், வெறும் நூல், கைதேர்ந்தவர், கைதேராதவர், தேறிவிட்டதாகத் தாமே நினைத்துக்கொண்டிருப்பவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், நூலுருளை பிடிக்க மனைவி வருகிறவர், வரமாட்டேன் என்றுவிட்ட மனைவியை உடையவர் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்ததில் பதினேழு வகுப்புகள் தேறின. போட்டியாளர்களும் பதினேழு பேர்தான். ஆளுக்கொரு பத்திரத்தை முத்து முத்தான கையெழுத்தில் முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டார்.

பிறவியிலேயே காற்றோடு பழகியவர் என்ற வகுப்பில் மண்ணாங்கட்டி தனியாக நின்றான்.

"நா யார்கூட சார் டீல் போடறது? யார் நூல அறுக்கறது?"

"உன் தரத்துக்கு நீதான்ப்பா போட்டி."

"எங்கூட நானே போட்டுக்கினா, அறுந்து போற காத்தாடி யாருது சார்?"

வாத்தியார் யோசித்தார். நியாயமான கேள்விதான். அதற்காகவே ஒரு விதியைச் சேர்த்தார்: ஐந்து நிமிஷம் காத்தாடி வானத்தில் நின்றால்தான் முதல் பரிசு, இல்லாவிட்டால் இரண்டாம் பரிசு.

ஒவ்வொருவராக ஏற்றினார்கள், நின்றது, பத்திரம் வாங்கினார்கள். மண்ணாங்கட்டி ஐந்து நிமிஷமும் பீடி பிடித்துக்கொண்டே நின்றான். நடத்துகிறவர் முந்திக்கொள்ளக் கூடாது என்ற பண்பினால் தம் வகுப்பைப் பிரகாசம் கடைசியில் வைத்திருந்தார். நாற்பது தாண்டி, கண்ணாடி போட்டு, வெறும் நூலில் வாலுள்ள காத்தாடி விட்டு, மனைவி உருளை பிடிக்கும் வகுப்பு அது. அவர் முறை வரும்போது காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. மணலில் ஓடினார், குதித்தார், கிளாடிஸையும் ஓடவைத்தார். காத்தாடி ஓர் ஆள் உயரம் எழுந்து, காயப்போட்டிருந்த மீன்வலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

மைத்துனன் விக்டர் அவர் காதருகே குனிந்தான். "ஒத்தை ஆளுதானே மச்சான். முதல்னே இருக்கட்டும், யார் கேக்கப் போறாங்க?"

பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விதி விதிதான். பத்திரத்தில் 'முதல்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'இரண்டாம்' என்று தம் கையாலேயே எழுதினார்.

இப்போது அது ஆணியில் தொங்குகிறது. முதலில் வந்தது யார் என்று கேட்பவர்களுக்கு வாத்தியார் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "நம்ம வகுப்பிலே இந்த வருஷம் போட்டி கொஞ்சம் கடுமை."

சிரித்தாயிற்றா? உங்கள் தெருவில், உங்கள் வயதில், உங்கள் அளவுக்கு முழங்கால் வலி உள்ளவர்களில் உங்களைவிட வேகமாக நடப்பவர் இல்லை என்று நேற்றுக்கூட யாரிடமோ சொன்னீர்களாமே? எனக்கு அந்தக் குணமே கிடையாது என்பவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. அதில் இப்போதைக்கு நீங்கள் ஒருவர்தான். அதற்காக முதல் பரிசு நிச்சயம் என்று இருந்துவிடாதீர்கள்.