பத்தரை மணிச் சாப்பாடு

ஒரு குடும்பத்தின் சந்தோஷத்தை, அதுவும் நல்ல மனதோடு, நாசமாக்கக்கூடிய மனிதன் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அவன் எங்கள் ஸ்டாப்வாட்ச்தான். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்கும் லைனில் என் பக்கத்தில் நின்றவன், பிள்ளைப்பாக்கத்துக்காரன். யார் எந்த வேலையை எத்தனை விநாடியில் முடிக்கிறார்கள் என்று அளக்கும் பொறுப்பை எந்தப் புண்ணியவானோ, கழுத்தில் மாட்ட ஒரு ஸ்டாப்வாட்சோடு அவனுக்குக் கொடுத்தான்; அதுவே அவன் பேராகவும் ஆகிவிட்டது. அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. டீ குடிப்பதை அளந்தான். பாத்ரூம் போய்வருவதை அளந்தான். நண்பன் கல்யாணத்தில் தாலி கட்டியதையும் அளந்துவிட்டு என் காதில் சொன்னான்: “மூணு முடிச்சுக்கு நாப்பத்தொரு செகண்டுண்ணே. ரெண்டாவது முடிச்ச அவுத்துப் போட்டு ரீவொர்க்.”

இவனிடம் போய் எங்கள் புதுச்சேரிப் பயணத்தை ஒப்படைத்தேன் பாருங்கள், என்னை முதலில் உதைக்க வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் போகும் முதல் வெளியூர். கம்பெனி பஸ் ஐந்து பத்துக்கு வருமென்று தினமும் நாலு மணிக்கு எழுந்து சமைக்கிறவள் என் மனைவி செல்வி. அவள் கேட்டது ஒன்றுதான்.

“ரெண்டு நாள் கடிகாரத்தப் பாக்காம இருக்கணும்.”

எனக்கு ஓவர்டைம் மேல் ஓவர்டைம். நீயே பார்த்துப் போட்டுக் கொடுடா என்று ஸ்டாப்வாட்சிடம் சொன்னேன். நான்கு பக்கத்துக்குத் திட்டம் போட்டு, லேமினேட் வேறு செய்து கொண்டுவந்தான். கிளம்பும் அவசரத்தில் நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

கடற்கரையில் இறங்கிய பிறகுதான் படித்தேன். கடல் பார்த்தல், பதினாறு நிமிடம். போட்டோ, நான்கு நிமிடம். பிள்ளையார் கோயில், செருப்பு விடுவது உட்பட பதினொன்று. மகளுக்கு ஒன்றுக்குப் போக மூன்று. சரி, எழுதியாகிவிட்டதே என்று பெண்டாட்டி பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினேன். பத்தரைக்கு மீன் சாப்பாடு என்று போட்டிருந்த மெஸ் வாசலில் போய் மூச்சுவாங்க நின்றோம்.

உள்ளே நாற்காலியெல்லாம் மேஜை மேல் தலைகீழாகக் கிடந்தது. தரை கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, சாப்பாடு பன்னிரண்டரைக்குத்தான், இட்லியும் தீர்ந்துவிட்டது என்றார். எங்கள் கேன்டீனில் காலை ஏ ஷிப்டுக்குப் பத்தரைக்குச் சோறு போடுவார்கள். அந்த மடையன் ஊர் உலகமே பத்தரைக்குச் சாப்பிடும் என்று நினைத்துவிட்டான். மகள் பசியில் அழுதாள். செல்வி படியில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்: “இங்கயும் ஷிப்டா?”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அங்கேயே போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. அன்று அவனுக்கு வார லீவு, வீக் ஆஃப் ஆயிற்றே என்று யோசிக்கக்கூட இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “தப்புதாண்ணே. அத்த கிழிச்சுப் போட்டுட்டு அண்ணிய கடலாண்ட உக்கார வை” என்றான்.

லேமினேட் செய்ததைக் கிழிக்கவும் முடியவில்லை. செல்வி அதை வாங்கி மடியில் தூங்கிய மகளுக்கு விசிறிக்கொண்டே, மாலை வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. எப்போது பசித்ததோ அப்போது சாப்பிட்டோம். என் வாட்ச் பைக்குள் கிடந்தது.

திரும்பி வந்து வேலைக்குப் போனதும் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். ஆள் பற்றாமல் என் லீவை நான் கிளம்பின அன்றே ரத்து செய்து, எனக்குச் சொல்லும்படி ஸ்டாப்வாட்சிடம் சொன்னாராம். அவன் எனக்குச் சொல்லவில்லை. தன் வீக் ஆஃபை விட்டுவிட்டு, அடுத்த நாளும் சேர்த்து, என் இடத்தில் நின்று போல்ட் முடுக்கியிருக்கிறான். நான் திட்டியபோதும் அங்கேதான் நின்றிருக்கிறான்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. நேரே போய், ஏண்டா சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

“சொல்லியிருந்தா அண்ணி மறுபடி கடிகாரத்தப் பாத்திருப்பாங்கல்ல.”

வீட்டில் சொன்னேன். மறுநாள் செல்வி தானாகவே மூன்று மணிக்கு எழுந்து மீன் குழம்பு வைத்து அவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பத்தரைக்குக் கேன்டீனில் அதைப் பிரித்தான். ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசிச் சோறு வரை மெதுவாகச் சாப்பிட்டான். நான் அதன் பட்டனை அமுக்கவே இல்லை.