லிஃப்ட்காரரின் மத்தியானத் தூக்கம்

"நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?" என்று மேனேஜர் கேட்டபோது லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று மத்தியானம் அவர் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்றுகொண்டு, தலையில் விளக்கைக் கட்டியபடி, கம்பிவடத்தில் எங்காவது இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் சொன்னார்.

மேனேஜர் தன் செல்போனை அவர் பக்கம் திருப்பினார். கம்பெனி டாக்டர் அனுப்பிய படம். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு லிஃப்ட்காரர் இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கியதாக அதில் ஒரு பச்சைக் கோடு நீளமாக ஓடியது. முந்தின நாளும் அப்படியே ஒரு கோடு.

"மாஸ்க் நல்லாப் பொருந்தியிருக்குன்னு சிரிக்கிற மூஞ்சி வேற போட்டிருக்கு, பாருங்க" என்றார் மேனேஜர்.

லிஃப்ட்காரர் பார்த்தார். மூஞ்சி சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. ராத்திரி முழுக்கக் குறட்டை, பகல் முழுக்கக் கொட்டாவி. ஒரு முறை பாதுகாப்பு வகுப்பு எடுக்கப்போய், 'விழிப்பு' என்று பலகையில் எழுதிவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். அதன் பிறகுதான் டாக்டரிடம் போனார், மெஷின் வந்தது. மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் மெஷின் குழாய் வழியாகக் காற்றை ஊதி, மூச்சுக் குழாயை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் ஆள் புது மனிதராகிவிட்டார். காலையில் பல் தேய்க்கும்போது பாடவே ஆரம்பித்துவிட்டார்.

ஒரே தொல்லை, மெஷின் பெரிசு. அவருக்கோ மாதத்தில் பாதி நாள் வெளியூர். துணிமணிப் பையைவிட மெஷின் பை கனம். விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு அதிகாரி நம்பாமல் மாட்டிக் காட்டச் சொன்னார். யானைத் தும்பிக்கை மாதிரி குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நின்றதை வரிசையே வேடிக்கை பார்த்தது. அன்றைக்கே, பயணத்துக்கென்று கையடக்கமாக ஒன்று வாங்குவது என்று முடிவு கட்டினார்.

மெஷின் கடைக்காரர் நல்ல மனிதர். பழசை வாங்கி வைத்துக்கொண்டு, சின்ன மெஷின் மூன்று ரகம் இருக்கிறது, ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுத்துப் பாருங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாஸ்க்கும் சின்னது, நடு, பெரிசு என்று ஒரு செட்டாகவே கொடுத்தார். பழைய மெஷினுக்கு இல்லாத ஒரு வசதியும் புதுசுகளுக்கு உண்டு. எப்போது தூங்கினீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்பதையெல்லாம் அதுவே செல்போனுக்கும், சம்மதித்தால் டாக்டருக்கும் அனுப்பிவிடும்.

லிஃப்ட்காரர் சந்தோஷமாகச் சம்மதித்தார். துறைமுக நகரம் ஒன்றில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. அதன் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. அந்த வேலைக்காக அவர் வருஷக்கணக்காக ஏங்கியிருக்கிறார். ஆனால் தூங்கி வழிகிற ஆளை அவ்வளவு உயரத்தில் கூண்டின் மேல் ஏற்ற முடியாது, சின்ன மெஷினிலும் ஒழுங்காகத் தூங்குகிறார் என்று நான் பார்த்தால்தான் அனுமதி என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது டாக்டர் பார்த்துவிட்டார். ஒழுங்காக மட்டும் அல்ல, அளவுக்கு மேலேயே தூங்குகிறார்.

லிஃப்ட்காரர் மெஷின் கடைக்காரரிடம் ஓடினார். அவர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஊர் ஊராகப் போகிறவர்களுக்கான மெஷின், எந்த நாட்டு நேரத்தையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது, வேறொன்றுமில்லை என்று கடிகாரத்தைத் திருத்திக் கொடுத்தார். லிஃப்ட்காரர் நிம்மதியாக வேலைக்குப் போனார். மறுநாள் செல்போனில் ராத்திரித் தூக்கம் ராத்திரியில் இருந்தது. மத்தியானத் தூக்கமும் மத்தியானத்திலேயே இருந்தது, அதே சிரிக்கிற மூஞ்சியோடு.

சரி, இந்த மெஷினே சரியில்லை என்று இரண்டாவது ரகத்தை வாங்கிவந்தார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. சத்தமே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழாயிலேயே ஒரு சின்ன வடிகட்டி இருந்து ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்று நாள் சுகமாகத் தூங்கினார். நான்காம் நாள் டாக்டரே போன் செய்தார். குரலில் கவலை. ராத்திரித் தூக்கம் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் மத்தியானத் தூக்கத்தில்தான் மூச்சு ரொம்ப மோசமாக நிற்கிறது என்றார். அதிலும் ஒரு நாள் மாதிரி மறுநாள் இல்லையாம். இப்படி ஒரு கேஸை அவர் பார்த்ததே இல்லையாம்.

"நான் மத்தியானம் தூங்கறதே இல்லைங்க டாக்டர்."

"நோயாளிங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. அவங்க தூங்கறது அவங்களுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, டாக்டர் இருந்த இடத்திலிருந்தே மெஷினின் காற்று வேகத்தைக் கூட்டிவிட்டார்.

அன்று ராத்திரி மெஷின் லிஃப்ட்காரரை லாரி டயர் என்று நினைத்துவிட்டது. கன்னம் உப்பியது. வயிறு உப்பியது. விழுங்கிய காற்றெல்லாம் மறுநாள் காலையில், ஒரு கட்டடச் சொந்தக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஏப்பமாகத் திரும்பி வந்தது. பிரேக்கின் நிலைமையைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஏப்பம் முற்றுப்புள்ளி வைத்தது. சொந்தக்காரர் முதலில் மரியாதைக்குச் சிரித்தார். அப்புறம் மேனேஜருக்குப் போன் செய்தார்.

மேனேஜர் இந்த முறை உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் வேலை நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவதாக நான் நினைக்கவில்லை, ஆனால் மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள் என்றார். துறைமுக வேலைக்கு வேறொருவர் பெயரும் அடிபடுகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் லிஃப்ட்காரருக்கு அந்த யோசனை தட்டியது. பகலில் அவரும் வேலைக்குப் போய்விடுகிறார், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியும் போய்விடுகிறாள். வீட்டில் இருப்பது மாமனார் மட்டும்.

மாமனார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். நின்றால் இன்னும் விசில் ஊதப்போகிறவர் மாதிரியே நிற்பார். பெரிய மெஷின் வந்த நாளிலிருந்து அவருக்கு மாப்பிள்ளையின் மேல் இளக்காரம். மூச்சு விடுவதற்குக் கூட மின்சாரம் வேண்டியிருக்கிறதா என்று கேட்டவர். பகலில் படுப்பது சோம்பேறிகளின் வேலை என்பது அவருடைய கட்சி.

இருந்தாலும் லிஃப்ட்காரர் மனைவியிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். மத்தியானத்தில் மாமா கொஞ்சம் கண்ணயர்வாரோ?

"எங்கப்பாவா? அவர் பகல்ல கண்ணை மூடி நான் பார்த்ததே இல்ல. உங்க மெஷின் கெட்டுப்போனதுக்கு எங்கப்பா என்ன பண்ணுவார்?"

அதோடு விடவில்லை. மாஸ்க் மூன்றையும் நீங்கள்தானே ஈரத்தோடு கொடியில் காயப்போட்டுவிட்டுப் போகிறீர்கள், நான் ஏதாவது கேட்டேனா என்றாள். லிஃப்ட்காரர் அவள்தான் துவைத்துப் போடுகிறாள் என்று இத்தனை நாள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அதைச் சொன்னால் அது வேறு சண்டையாகும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த அறையில் மாமனார் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய், மேல்வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் முன்பு நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர், நல்ல பருமன், மெதுவாகத்தான் பேசுவார். மத்தியானமானால் நானும் உங்கள் மாமனாரும் சதுரங்கம் ஆடுகிறோம், சில நாள் எதிர்வீட்டுத் தையற்காரரும் சேர்ந்துகொள்கிறார், ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று சாட்சி சொல்கிற தோரணையில் சொன்னார். எங்கே ஆடுகிறீர்கள் என்று கேட்க லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில் அவருக்குத் தரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டார். மனைவி இரண்டு நாள் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். "சாப்பாடு ரெடி" என்று சுவரிடம் சொல்வாள். சுவர் வராததால் இவர் போய்ச் சாப்பிடுவார்.

மூன்றாவது ரகத்தையும் வாங்கிவந்தார். இது இன்னும் சின்னது, பேட்டரியிலும் ஓடும். ஓடும்போது மட்டும் கொசு ஒன்று தலைமாட்டில் குடியிருப்பது மாதிரி ஒரு ரீங்காரம். ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு நேரே மேனேஜரின் அறைக்குப் போனார். இன்றைக்கு முழுக்க நான் உங்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், வெளியே போவதாக இருந்தால் நீங்களும் கூடவே வாருங்கள் என்றார்.

மேனேஜருக்கும் அன்று பெரிய வேலை இல்லை போலிருக்கிறது. இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சேர்ந்தே சாப்பிட்டார்கள். கை கழுவக்கூடச் சேர்ந்தே போனார்கள். சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் இருந்த செல்போன் டிங் என்றது. லிஃப்ட்காரர் தூங்க ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி.

மேனேஜர் செல்போனைப் பார்த்தார். லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணைக் கொஞ்சம் நல்லாத் திறங்க" என்றார் மேனேஜர்.

திறந்தார். செல்போனில் அவர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. அடுத்த அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். எல்லோரும் சுற்றி நின்று, ஒரு மனிதர் பிஸ்கட் தின்றுகொண்டே குறட்டை விடுவதைப் பார்த்து ரசித்தார்கள். கணக்குப் பிரிவு அம்மா, ஆள் வேலை செய்யும்போதே தூக்கத்தையும் முடித்துக்கொள்கிற மெஷின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். மேனேஜர் டாக்டரைப் போனில் பிடித்து, நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிற மெஷின் பொய் சொல்கிறது, தூங்குகிறவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்றார். டாக்டர் வெகுநேரம் யோசித்தார். வீட்டு மின்சாரத்தில் ஏதோ ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும், இனி ராத்திரிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ராத்திரிக் கணக்கில் குறையே இல்லை. காற்று வேகத்தைப் பழையபடி குறைத்தார், அனுமதியும் கொடுத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் அன்று வீட்டுக்கு ஏறக்குறைய ஓடியே போனார். விஷயத்தைக் கேட்டதும் மனைவி சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தே சிரித்தாள். வீட்டு மின்சாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். துறைமுகத்துக்குப் போய்வந்ததும் முதல் வேலை அதுதான் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

மூன்றில் எதை வாங்குவது என்ற பேச்சு வந்தபோது, கேட்காமலேயே மாமனார் வாயைத் திறந்தார். "ரெண்டாவதையே எடுத்துக்குங்க மாப்பிள்ளை. மூணாவது காதுகிட்ட ஙொய்யுங்குது, முதல் ஒண்ணு தொண்டையைக் காயப்போடுது." இத்தனை காலம் இளக்காரம் பேசியவர் தன் விஷயத்தில் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டாரே என்று லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இரண்டாவதையே வாங்கினார்.

புறப்படும் நாள் வந்தது. மனைவி காலையிலேயே கையசைத்து வழியனுப்பிவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். விமானம் சாயங்காலம். மத்தியானச் சாப்பாட்டை முடித்து லிஃப்ட்காரர் பையைக் கட்டினார். சட்டைகளுக்கு நடுவே மெஷின் அழகாக அடங்கியது, இருப்பதே தெரியவில்லை. பழைய கனத்தை நினைத்துக்கொண்டு பையை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கண்ணாடியின் முன் நின்று, அந்த வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நிற்கிறவர் மாதிரி கீழே எட்டிப் பார்த்தார்.

மாமனாருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒரு மாதம் ஆகலாம் என்றதும் முகம் வாடிவிட்டது. ஓட்டலில் மெஷின் தரமாட்டார்களா, அங்கெல்லாம் வசதி இருக்குமே என்றார். பாவம், பிரிவை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஏதேதோ பேசுகிறார் என்று லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து, சீக்கிரம் வந்துவிடுவேன் மாமா என்றார். மாமனார் தலையாட்டிக்கொண்டே, மூன்றாவது முறையாகச் செல்போனில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை.

கதவு மணி அடித்தது. டாக்ஸி வந்துவிட்டது என்று லிஃப்ட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

மேல்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அக்குளில் ஒரு தலையணை. கையில், துவைத்து மடித்த துண்டின் மேல், மாஸ்க்குகளில் பெரிசு. அவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மாமனாரிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க, இன்னைக்கு என்னோட முறைதானே?"